இரணியன் நாடகம் கண்ட பிற்பகல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், புதுவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மைப் பேசப் பணித்த காரியதரிசியவர்கள் 'நாடகமும் சமயமும்' என்னும் தலைப்பைத் தந்து, அதன்கீழ் எதனை வேண்டினும் பேசலாம் என்ற உரிமையையும் தந்தார்கள். ஆயினும் இன்று இவ்வவையில் வழக்கத்தினும் மிகுதியாகக் கூடியுள்ள நீங்கள் எதனைக் கேட்க வந்துள்ளீர்கள் என்பதை யாம் அறிவோம். சென்ற மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், நம் நகரத்து அரங்கு ஒன்றில் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகம் நடிக்கப்பெற்றது. நடித்தவருள் நம் சங்கத்து இளைஞர் சிலர் இருந்தனர். நாடகத்தின் நடுவே நம் பெரியோர் சிலர் எழுந்து வெளியேறினர். அதன்பின் சங்கத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன. இத்தகைய நாடகத்துக்குச் சங்கம் இனி ஒரு காசும் உதவலாகாது என்பது ஒன்று. அதே நாடகத்தை வரும் ஆண்டு விழாவில் நம் மண்டபத்திலேயே நடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் கையெழுத்திட்டவர்களுள் எம்மிடம் தமிழ் பயின்றோர் உளர். ஒரு வீட்டில் தந்தை முதல் விண்ணப்பத்திலும் மகன் இரண்டாவதிலும் கையெழுத்திட்டுள்ளனர். ஆதலின் யாம் கண்டதைக் கண்டவாறு கூறி, இறுதியில் எம் கருத்தையும் கூறி அமைவோம்.

முதற்கண் நாடகத்தின் வரலாறு. இதனை இயற்றியவர் நம் ஊரினர். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் புதுவையில் பிறந்த கனகசுப்புரத்தினம் என்னும் பாரதிதாசனார். எம்மைப் போன்று பள்ளியாசிரியர். 1909-இல் காரைக்காலைச் சார்ந்த நிரவியில் பணியேற்று, பிரெஞ்சு அரசின்கீழ் முப்பத்தேழு ஆண்டுகள் தமிழ் கற்பித்து, 1946-இல் ஓய்வு பெற்றவர். அவரைப் பிறவியிலேயே கடவுளை மறுத்தவர் என்று எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மயிலத்து முருகன்மீது துதியமுது பாடி 1926-இல் வெளியிட்டவரும் அவரே. கோயில் வாயிலிலே நின்று பாடிய ஒருவர் பின்னர் அவ்வாயிலை விட்டு நீங்கி, நின்று, திரும்பிப் பார்த்துக் கேட்ட கேள்வியே இந்நாடகம் என்க. வேற்றார் வினாவினும் உறவினர் வினாவே நெஞ்சில் தைக்கும் அன்றோ?

1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பெரியார் ஈ. வெ. ரா. தலைமையில் இது சென்னையில் அரங்கேறிற்று. 1939-இல் நூலாயிற்று. 1948-இல் சென்னை மாகாண அரசு இதற்குத் தடை விதித்தது. அந்நாளில் நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின், சென்னை அரசின் ஆணை நம் எல்லையைக் கடந்து செல்லாது.

அவ்வாறு இருந்தும், நம் நகரம் நாடகக்காரரை எப்பொழுதும் அன்போடு வரவேற்றது என்று பெருமை பேச இடமில்லை. 1945-இல் இங்கே நடைபெற்ற திராவிடர் கழக மாநாட்டையொட்டி நாடகம் நடிக்க வந்தவர், பின்னாளில் தமிழ்நாட்டு முதலமைச்சரான மு. கருணாநிதி. அரசியல் எதிர்ப்பாளர் அவரை அடித்து உணர்விழக்கச் செய்து சாக்கடையோரத்தில் எறிந்துசென்றனர். பெரியார் தம் கையாலேயே காயத்துக்கு மருந்திட்டு ஈரோட்டுக்கு அழைத்துச் சென்றார். வாதத்துக்கு விடையளிக்க மாட்டாதார் கையோங்கிய வீதிகள் நம் வீதிகளே.

இனிக் கதை. பழங்கதையை நீங்கள் அறிவீர்கள். தன் பெயரையன்றி வேறொரு பெயரை நாட்டார் ஓதலாகாது என்று ஆணையிட்ட அரசன் இரணியன். அவன் மகன் பிரகலாதன் நாராயணன் பெயரை விடாது ஓதினான். இறுதியில் தூணிலிருந்து சிங்கப்பிரான் தோன்றி அரசனை அழித்தார். பாரதிதாசனார் இதனைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் நாடகத்தில் இரணியன் தன் மக்களைக் காக்கும் தமிழ் வேந்தன். அவனை நேர்நின்று வெல்லமாட்டாத ஆரியர் சூழ்ச்சியில் இறங்குகின்றனர். சித்திரபானு என்னும் ஆரியப் பெண்ணின் காதல் வலையில் பிரகலாதன் சிக்குகின்றான். சிங்கம் என்று உலகம் நம்பியது மறைந்திருந்த மனிதர் புனைந்த வேடம். கடவுளின் பெயரைச் சொல்லி ஓர் அரசு கவிழ்க்கப்படுகின்றது என்பதே இந்நாடகத்தின் உயிர்.

இக்கதையை மேடையேற்றுதற்கும் எடுத்தோதுதற்கும் தடை எழுந்தது இஃது முதன்முறையும் அன்று. இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தம் யுத்த காண்டத்தில் வைத்தார். வான்மீகியில் இஃது இல்லை. திருவரங்கத்தில் அரங்கேற்றும்பொழுது, மூலத்தில் இல்லாததைப் பாடியது யாதுபற்றி என்று அவையோர் தடுத்தனர் என்றும், மேட்டழகிய சிங்கப் பெருமாளே தலையசைத்து உடன்பட்டார் என்றும் செவிவழி மரபு ஒன்று உண்டு. அதன் மெய்ம்மை எவ்வாறாயினும், அம்மரபு நமக்கு உணர்த்துவது ஒன்று. அவையோர் மறுத்தனர், ஆயினும் கம்பர் பாடி முடித்தார். அக்கம்பர் படைத்த இரணியனும் சிறியவன் அல்லன். சிங்கம் தோன்றிய பின்னும் வணங்க மறுத்து, தன் வாளையே நம்பி நிமிர்ந்து நின்றவன். பகைவனையும் பெருமிதத்தோடு படைப்பது தமிழ்ப் புலவர் நெறி. பாரதிதாசனார் அந்நெறியின் ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு மறுகரைக்குப் போய்விட்டார்.

கடல் கடந்தும் இவ்வழக்கு நிகழ்ந்தது. நம் ஊரில் பிரெஞ்சு பயின்ற பிள்ளைகள் மோலியேரின் 'தார்த்துயிஃப்' நாடகத்தை அறிவர். பக்தன் வேடம் பூண்ட ஒரு வஞ்சகன் ஒரு குடும்பத்துள் புகுந்து, வீட்டையும் பொருளையும் கவர்ந்துகொள்ள முயல்வது அதன் கதை. 1664-இல் வெர்சாயில் அரசன் முன்னிலையில் நடிக்கப்பெற்ற அந்நாடகம், சமயவாதிகளின் சினத்தால் பொதுமேடையில் தடுக்கப்பட்டது. போலியைச் சாடுதல் பக்தியைச் சாடுதல் ஆகாது என்று மோலியேர் பலகால் மன்றாடி, 1669-இல்தான் தடை நீங்கப் பெற்றார். இன்று தடுத்தவர் பெயர்களைத் தேடித்தான் அறியவேண்டும். நாடகமோ பள்ளிப் பாடமாக உள்ளது.

நம் நாட்டுச் சட்டமும் அவ்வழியே நடந்தது. 1876-இல் ஆங்கில அரசு நாடகங்களை அடக்கச் சட்டம் செய்தது. 1954-இல் சென்னை அரசு தனியே ஒரு சட்டம் இயற்றியது. எம். ஆர். இராதா தம் இராமாயண நாடகத்தால் பெரும் வழக்குகளை எழுப்பிய காலம் அது. மனம் புண்படுவோர் இந்நாடகத்துக்கு வரவேண்டா என்று அவர் விளம்பரத்திலேயே அறிவித்ததைப் பெரியோர் இன்றும் சொல்வர். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுகளே மெல்ல மெல்லக் கைவிட்ட வேலையை நம் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பதைச் சிந்தியுங்கள்.

இனி அப்பிற்பகலுக்கு வருவோம்.

எம் அன்னையார்க்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். எம் குலதெய்வம் சிங்கிரிகுடி நரசிம்மர். பதினாறு திருக்கரங்களோடு உக்கிரமூர்த்தியாய் நிற்கும் பெருமான். ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்திக்கு அங்கே செல்லாது அன்னையார் இருந்ததில்லை. ஆதலின் இன்ன நாடகத்துக்குச் செல்கின்றோம் என்று சொல்லவும் எமக்குத் தயக்கம் இருந்தது. கேட்டவுடன் அவர், "நம்ம சாமி கதைதானே, நானும் வரேன்" என்றார். "அம்மா, இது வேறு மாதிரி" என்றோம். "இருக்கட்டும். என்னதான் சொல்றாங்கன்னு கேப்போமே" என்றார்.

வெயில் தாழாத வேளையில் பெருமாள் கோயில் வீதி வழியே நடந்தோம். அவ்வீதியில்தான் பாரதிதாசனாரின் இல்லம் நினைவகமாக உள்ளது. பெருமாள் பெயர் கொண்ட வீதியில் இரணியனைப் பாடியவர் வாழ்ந்தார். அவர்க்கும் வீதியில் இடம் இருந்தது, பெருமாளுக்கும் இடம் இருந்தது. இதனை அன்னையாரிடம் சொன்னபொழுது, "ஒரே தெருவுல ரெண்டு பேரும் சண்டையில்லாம இருந்தாங்களே" என்று நகைத்தார்.

மூன்று மணிக்குத் திரை உயர்ந்தது. இரணியனாக வந்தவர் பகலில் ஒரு மருந்துக் கடையில் பணிபுரியும் இளைஞர். வசனத்தில் ஒற்று மிகுமிடங்களில் சற்றே தடுமாறினார். ஆனால் குரலும் நடையும் வேந்தனுக்கு ஏற்றவை. பக்கத்துக் கிராமத்தில் காலனி என்று நாம் அழைக்கும் பகுதியிலிருந்து வந்த பறையிசைக் கலைஞர் நால்வர் மேடையின் இடப்புறத்தே நின்று முழக்கினர். அவர்கள் இல்லையேல் நாடகத்தில் பாதி இல்லை.

பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் ஆகான் என்னும் கருத்துப்பட இரணியன் பேசியபொழுதெல்லாம் அரங்கு அதிரக் கைதட்டினர். யாமும் தட்டினோம். நாராயண நாமத்தை இகழும் காட்சி வந்தபொழுது, எம் தாய்மாமனார் எழுந்துவிட்டார். அவருடன் பத்துப் பன்னிரண்டு பெரியோர் எழுந்தனர். அவர் எம் அன்னையாரை நோக்கி, "அக்கா, வா போகலாம்" என்றார். அன்னையார், "நீ போ தம்பி. முழுசும் பாத்துட்டு வரேன்" என்றார். அவர்கள் வாயிலை அடைவதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், "சாமி கோவிச்சுக்கிட்டுப் போகுது!" என்று கூவினான். பலர் நகைத்தனர்.

அந்நகைப்பு எம்மைச் சுட்டது. எம் மாமனார் நம் மாணவர் விடுதி தொடங்கிய நாளில் தோளில் பை தொங்கவிட்டு வீடுவீடாக அரிசி தண்டியவர். கூவிய பிள்ளை அவ்விடுதியில் உண்டு உறங்கிப் படிப்பவன். அவர் வெளியேறியது தவறாகவே இருக்கட்டும். தன்மானம் பேசும் நாடகத்தைக் காண வந்த ஒருவன் ஒரு முதியவரின் மானத்தை வாங்கலாமோ?

இறுதிக் காட்சியில் தூணின் பின்னிருந்து காகிதத்தாலும் சணல் நாராலும் செய்த சிங்க முகம் ஒன்று தோன்றிற்று. அஃது ஆள்மாறாட்டம் என்று நாடகம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, எம் அருகே அன்னையாரின் கைகள் குவிந்தன. தஞ்சையைச் சார்ந்த மெலட்டூரில், வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை ஆண்டுதோறும் நடிக்கின்றனர். அங்கே நரசிம்ம முகத்துக்குப் பூசனை செய்து வழிபடுவர். அணிந்து நடிப்பவர் விரதம் காப்பர். அதனை யாம் அப்பொழுது நினைந்தோம். நாடகம் முடிந்தபின், "முகமூடியைக் கும்பிட்டியேம்மா?" என்று கேட்டோம். "கை தானா போயிடுச்சிப்பா. அந்தப் பையன் அதைக் கழட்டினதும் நம்ம தெருப் பையன்னு தெரிஞ்சுது. சிரிப்பு வந்துடுச்சி" என்றார். அவர் நம்பிக்கை ஒரு பிற்பகலில் அழிந்துவிடவில்லை. ஒரு சிரிப்பைத் தாங்கும் வலிமை அதற்கு இருந்தது.

நாடகத்தின் குறைகளையும் கூறுவோம். எம் சிற்றறிவுக்கு எட்டியவரை, புலவர் பிரகலாதனுக்குத் தீங்கு செய்துவிட்டார். பழங்கதையில் அவன் சிறுவன். பெற்ற தந்தை, நாடாளும் அரசன், கற்பித்த ஆசான் ஆகிய மூவர் சொல்லையும் மறுத்து, அஞ்சாது தன் உள்ளத்தில் தோன்றியதையே சொன்னவன். தன்மானம் என்பது அதனின் வேறோ? அத்துணிவை அவனிடமிருந்து பறித்து, காதல் மயக்கத்தில் தடுமாறும் இளைஞனாக்கியது குறையே. நிறையும் உண்டு. கொல்லப்பட்ட அரசனுக்கு மனைவி ஒருத்தி இருந்தாள், அவளுக்கும் ஒரு துயர் இருந்தது என்பதை நாம் புராணம் கேட்ட நாளில் நினைத்தோமா? இலீலாவதி மேடையில் நின்றபொழுது அன்னையார் உட்பட மகளிர் பலர் கண் துடைத்ததை யாம் கண்டோம்.

இனி, இரு விண்ணப்பத்தாரையும் நோக்கி ஒரு சொல். பெரியோர்களே! ஒரு பெயரைச் சொல்லாதே என்று தடுத்தவன் இரணியன். ஒரு நாடகத்தை நடிக்காதே என்று தடுப்போர், பிரகலாதன் பக்கத்தே நிற்பதாக எண்ணிக்கொண்டு இரணியனின் ஆணையையே பிறப்பிக்கின்றனர். இளைஞர்களே! நம்பியவனைச் சூழ நின்று நகைத்தவர் இரணியனின் அவையினர். பின்வரிசையில் நகைத்தபொழுது நீங்கள் எந்த அவையில் இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதனோடு முடித்திருப்போம். ஆயின், நாடகம் முடிந்தபின் நிகழ்ந்தது ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இன்று யாம் இம்மேடைக்கு வந்தோம்.

நாடகம் முடிந்ததும் நம் சங்கத்தின் சார்பில் தேநீர் வழங்கப்பெற்றது. விருந்தினர்க்கும் நடிகர்க்கும் எவர்சில்வர் தம்ளரில் தந்தனர். பறையிசைக் கலைஞர் நால்வரும் படிக்கட்டின் கீழே நின்றிருந்தனர். அவர்களுக்கு மட்டும் காகிதக் குவளையில் சென்றது. தம்ளர் போதவில்லையோ எனின், மேசையின்மீது கவிழ்த்து வைத்த தம்ளர்கள் இருந்தன. யாம் அதனை முன்னரே கண்டோம். கண்டும் வாளா இருந்தோம். சற்று முன்னர்ப் பிறப்பொக்கும் என்ற பேச்சுக்குக் கைதட்டிய கை எம் கையே; அக்கை அப்பொழுது எழவில்லை. கொண்டு சென்றவனோ, நாடகத்தை நம் மண்டபத்தில் நடிக்கவேண்டும் என்று இரண்டாம் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கும் பிள்ளை. அவனைக் குறைகூறோம். நம் வீடுகளில் கண்டதைச் செய்தான்.

எம் அன்னையார் மெல்ல எழுந்தார். மேசையிலிருந்து நான்கு தம்ளர்களை எடுத்துத் தேநீர் வார்க்கச் சொல்லி, தட்டில் வைத்துத் தாமே படிக்கட்டின் கீழே கொண்டு சென்றார். கலைஞருள் மூத்தவர், "வேணாம்மா, இதுவே போதும்" என்றார். அன்னையார், "எடுத்துக்குங்கய்யா, ஆறிப்போவுது" என்றார். திரும்பி வந்து எம்மிடம் சினவாமல் சொன்ன சொல் இது: "தூணிலும் இருக்கான் துரும்பிலும் இருக்கான்னு சின்ன வயசுலேருந்து சொல்றோம். இந்தத் தம்ளர்ல மட்டும் இல்லாம போயிட்டானா?"

அன்பர்களே! யாம் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கின்றோம். இரணியன் கதைக்கு இத்துணைத் தெளிந்த உரையை எந்நூலிலும் கண்டிலேம். கடவுள் எங்கும் உளன் என்பவனுக்கும், கடவுளின் பெயரால் மனிதனைத் தாழ்த்தாதே என்பவனுக்கும் அங்கே ஒரே கேள்வி நின்றது. முதல் விண்ணப்பத்தார் தம் பக்தியை அத்தம்ளரில் காட்டவில்லை. இரண்டாம் விண்ணப்பத்தார் தம் பகுத்தறிவை அதில் காட்டவில்லை. ஆசிரியராகிய யாம் இரண்டையும் காட்டவில்லை.

நம் சங்கம் எதற்காகத் தோன்றியது? நமக்கு மேற்பட்டோர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர் நம் முன்னோரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய நாளில், நாமும் மனிதரே என்று சொல்லத் தோன்றியது. அவ்வரலாற்றை ஆண்டு விழாதோறும் படிக்கின்றோம். ஆயின் நம் திருமண மண்டபத்தை நமக்குக் கீழ்ப்பட்டோர் என்று நாம் கருதுவோர் வாடகைக்குக் கேட்டால், 'அந்தத் தேதி காலியில்லை' என்கின்றோம். அது எழுதாச் சட்டம். ஆதலால் எந்த நீதிமன்றமும் அதனைத் தள்ளுபடி செய்ய இயலாது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. நம் வாடகைப் புத்தகம் அதனை இன்னும் படிக்கவில்லை.

ஆகவே நிர்வாக சபைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, ஆண்டு விழாவின் முதல் நாள் இந்நாடகம் நம் மண்டபத்தில் நடைபெறட்டும். மறுநாள் அதே மேடையில் கம்பரின் இரணியன் வதைப் படலத்தை எம் மாமனார் தலைமையில் விரித்துரைப்போம். இரு நாளும் இரு சாராரும் முழுவதும் இருந்து கேட்கவேண்டும். எழுந்து போதலும் வேண்டா, எள்ளி நகைத்தலும் வேண்டா. இரண்டு, விழாவில் ஒரே வகைக் குவளையே எவர்க்கும் வழங்கப்பெறவேண்டும். பறையிசைக் கலைஞர் முன்வரிசையில் அமரவேண்டும். மூன்று, மண்டபம் காலியாக உள்ள நாளில், கேட்பவர் யாவராயினும், வாடகை செலுத்துவோர்க்குக் கொடுக்கப்பெறவேண்டும். அதனைத் தீர்மானமாக எழுதி வாயிலில் ஒட்டவேண்டும்.

மூன்றாவது வேண்டுகோளுக்கு எதிர்ப்பு எழும் என்பதை அறிவோம். முதல் இரண்டையும் ஏற்று மூன்றாவதைத் தள்ளிவைக்கலாம் என்று யாரேனும் சமரசம் கூறுவாராயின், அதற்கு யாம் உடன்படோம். மூன்றாவது இல்லையேல் முதலது வெறுங்கூத்து. இரண்டாவது ஒருநாள் வேடம்.

சென்ற வாரம் எம் மாமனார் இல்லத்துக்குச் சென்று நிகழ்ந்ததனைத்தையும் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்து, "அக்காவா கொண்டு போய்க் கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்துள்ளார். கூவிய பிள்ளையும் வந்துள்ளான். இக்கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. தம்ளர்கள் எண்ணி வைக்கப்பட்டுள்ளன. படிக்கட்டின் கீழே எவரேனும் நின்றால் அவர்களையும் மேலே அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.